பதினேழாவது கோட்டில் சேறு

சேசு மரி சூசை

பொந்தியான்
29 ஆகஸ்ட் 1927

அன்புள்ள பியாட்ரிஸுக்கு ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் டோரிஸும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். பாப்பாவின் மூக்கு இன்னும் என் பக்கம்தானா, இல்லை உன் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டதா?

கடலில் உட்கார்ந்துகொண்டு என்னதான் எழுதுகிறேன் என்று உன் தோழிகள் கேட்டார்களாமே. காளியப்பன் கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி ஆழம் சொல்வான். குண்டின் அடியில் மாட்டுக்கொழுப்பை அப்பியிருப்போம். அதில் ஒட்டி வருவது சேறா, மணலா, சிப்பியா என்று பார்த்து, ஆழத்தோடு சேர்த்து நான் புத்தகத்தில் பதிவேன். பத்து பாகாட் மலையின் கல் கடலுக்கு அடியிலும் ஓடுகிறதா என்று எங்கள் சர்வே துரைக்குத் தெரியவேண்டும். அதற்காக நாற்பது கோடு போட்டு அளந்திருக்கிறோம். அதை வைத்து வரைந்த படத்தின் பிரதி ஒன்று உங்கள் துறைமுக ஆபீசுக்கும் வந்திருக்கும். துரைக்கு என் வேலை பிடித்துப்போய், அடுத்த வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உன்னிடம் ஒன்று சொன்னேனே, அதை மறந்துவிடு. உன் அண்ணனிடம்கூட மூச்சுவிடாதே.

உன் அன்புள்ள
ஸ்டானிஸ்லாஸ்


பத்து பாகாட்
4 செப்டம்பர் 1927

என் அன்பான கணவருக்கு பியாட்ரிஸ் எழுதுவது. டோரிஸுக்குச் சளி இறங்கிவிட்டது. மூக்கு உங்களுடையதுதான், பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

மறந்துவிடு என்கிறீர்கள். எப்படி மறப்பது? பதினேழாவது கோட்டில் கொழுப்பில் ஒன்றும் ஒட்டாமல், கீறல் மட்டும் விழுந்து வந்தது. கீறல் விழுந்தால் அடியில் பாறை. பாறை என்று எழுதினால் அதைச் சுற்றிப் பத்து நாள் நெருக்கி அளக்கவேண்டும். எனக்கு வலி கண்ட தந்தி உங்கள் சட்டைப்பையில் இருந்தது. படகு அன்றே ஊர் திரும்புவதற்காகச் சேறு என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்கு உயிர் வந்தது. அது பொய்யில்லை.

ஆனால் மரியநாதன் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். அன்னாசி டப்பாவும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போகும் படகை, இனி கரையை ஒட்டி உங்கள் பதினேழாவது கோட்டின் வழியாக ஓட்டப்போகிறானாம். "ரெண்டு மணி நேரம் மிச்சம் லா. அடியில சேறுதானே, தட்டுனாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்கிறான். படகு முதலாளி சீனத் தவுக்கேவுக்கு வாயெல்லாம் பல். துரையிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
பியாட்ரிஸ்


பொந்தியான்
9 செப்டம்பர் 1927

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்படியெல்லாம் காகிதத்தில் எழுதலாமா? ஒரு வரி பொய் என்று தெரிந்தால் துரை நாற்பது கோட்டையும் நம்பமாட்டார். வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கலாம். டோரிஸை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்போம்?

கடல் எவ்வளவு பெரியது! மச்சானின் படகு தேடிப்போய் அந்த ஒரு கல்லின்மேலா ஏறப்போகிறது? தண்ணீர் ஏறியிருக்கும்போது ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கம் காற்று சரியில்லை என்று நீயே பக்குவமாகச் சொல். அவன் தங்கை பேச்சைத் தட்டமாட்டான்.

ஸ்டானிஸ்லாஸ்


பத்து பாகாட்
18 செப்டம்பர் 1927

என் கணவருக்கு,

காற்றைப் பற்றி நான் சொன்னதற்கு அண்ணன் சிரித்தான். பதினைந்து வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறவனிடம் அடுப்படியில் இருப்பவள் காற்றைப் பற்றிப் பேசலாமா? உங்கள் சொல்லை மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. "மாப்பிள எழுதுனது கவர்மெண்டு பேப்பரு. நீ பிள்ளை பெத்த உடம்போட எதையோ நெனச்சிப் பயப்படுற. அவரு கையால எழுதித் தரட்டும், நான் பழைய வழியிலயே போறேன்" என்றான்.

இதுவரை மூன்று தடவை போய்வந்துவிட்டான். தண்ணீர் நிறைய இருந்த நாட்கள். வருகிற 26-ஆம் தேதி திங்கட்கிழமை அமாவாசை. தண்ணீர் அடியோடு வற்றும் என்று அவனே சொல்கிறான். அன்றைக்குத்தான் பெரிய பாரம் ஏற்றுகிறார்கள். பதினாலு பேர் போகிறார்கள்.

உங்களை நான் வேறொன்றும் கேட்கவில்லை. 'பாறை' என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். வேலை போனால் போகட்டும், நான் துணி தைத்துக் கஞ்சி ஊற்றுகிறேன்.

உங்கள்
பியாட்ரிஸ்


பொந்தியான்
22 செப்டம்பர் 1927

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

அவனிடம் சொல்லிவிட்டாயே! சரி, போனது போகட்டும். மச்சானுக்குத் தனியே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கொடு. நேற்று அதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். என் நிலைமை உனக்குப் புரியவேண்டும். எழுதின காகிதம் யார் கைக்கும் போகலாம்.

"அன்புள்ள மச்சானுக்கு, சலாம். ஆற்று முகத்துக்குத் தெற்கே போகும்போது, தண்ணீர் குறைந்த நாட்களில் கொஞ்சம் பார்த்து ஓட்டவும். மற்றபடி எல்லாம் சுகம். ஸ்டானிஸ்லாஸ்."

மச்சான் கெட்டிக்காரன், இதுவே அவனுக்குப் போதும். நீ ஜெபமாலை சொல்லு. நானும் சொல்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


பத்து பாகாட்
29 செப்டம்பர் 1927

திரு. ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு,

உங்கள் சீட்டு சனிக்கிழமை வந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். அண்ணன் இரண்டு தடவை படித்தான். "பாரு, பார்த்து ஓட்டச் சொல்றாரு. போகாதேன்னா எழுதியிருக்காரு?" என்று கேட்டான். டோரிஸின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். திங்கட்கிழமை விடியும்போது படகு கிளம்பிற்று.

மலாய் மீனவர்கள் ஒன்பது பேரைக் கரை சேர்த்தார்கள். மற்றவர்களைச் செங்காராங் பக்கம் அலை கொண்டுவந்து போட்டது. அண்ணனை நேற்று அடக்கம் செய்தோம். பிழைத்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தண்ணீர் உள்ளே ஏறும்போது அண்ணன், "சேறுன்னு போட்டிருந்துச்சே, சேறுன்னு போட்டிருந்துச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? சுக்கானி கண்ணயர்ந்து வழி தவறிவிட்டானாம். ஐந்து பேர் சாவும் அவன் தலையில். அண்ணி இனி எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவாள்?

நீங்கள் பொய் எழுதியது எனக்காக. அந்தப் பாவத்தில் எனக்கும் பாதி உண்டு, அதை ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் அண்ணன் உயிரைக் கேட்டு நான் எழுதியபோது நாலு தடவை எழுதிக் கிழித்தீர்களே, அது எனக்காக இல்லை.

இன்று காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போனேன். படத்தில் பதினேழாவது கோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா எழுதிக்கொண்டார். காளியப்பனையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். துரை உங்களைக் கூப்பிடும்போது இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கவேண்டும் என்றுதான் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

நானும் டோரிஸும் அண்ணி வீட்டுக்குப் போகிறோம். அங்கே தேடி வரவேண்டாம்.

இப்படிக்கு,
மரியநாதனின் தங்கை
பியாட்ரிஸ்