மாட்டுப் பொங்கலன்று அடைத்த கதவு

ஓய்,

இன்று காலை வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே கண்ணாடி விளக்குகள், பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கியவை. உடையாமலிருக்க வைக்கோலைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். ஆணியைப் பிடுங்கி மூடியைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது பாரும், லேசாக ஈரம் பட்டு, இன்னும் கெட்டுப்போகாத வைக்கோலின் வாசனை. எந்த விளக்கு உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியவன், முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்க்கிறேனாம். "அப்பா பெட்டிக்குக் காய்ச்சல் பாக்கறார்" என்றாள் என் பெண். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் வைக்கோலைப் பற்றி நான் வேறு யாரிடம் போய்ப் பேசுவது?

நாம் மாடு வளர்க்க ஆரம்பித்ததற்குப் பக்தி ஒன்றும் காரணமில்லை. காபிதான் காரணம். இந்த வங்காளத்துக்கு வந்து பவானிபூரில் அடுத்தடுத்த வீடுகளில் நாம் குடியேறிய புதிதில், சந்துக் கோடியிலிருந்த பால்காரன் ஊற்றியதைப் பால் என்று சொல்ல அவனுக்கே வாய் கூசும். தயிர் உறைந்தால் அன்று அதிசயம். நான் பாங்கியில் குமாஸ்தா; நீர் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு சணல் கிடங்கில் குமாஸ்தா. இருவரும் சேர்ந்து ஒரு பசு வாங்கலாம் என்று நீர்தான் ஆரம்பித்தீர். ஒன்று நாலாயிற்று. இரண்டு வீட்டுக்கும் பின்னால் கிடந்த காலிமனையில் கொட்டகை எழுந்தது. மாட்டைப் பற்றி உமக்குத் தெரியாதது கிடையாது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் அளந்தீர். உம் தகப்பனார் வயலில் பண்ணையாள் ஓட்டிய மாடுகளை நீர் வரப்பில் நின்று பார்த்ததோடு சரி என்று உம் மனைவி பிற்பாடு என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். எனக்கோ அந்த வரப்புப் பழக்கம்கூட இல்லை. கொம்பைக் கண்டாலே சந்தின் மறுபக்கம் போய்விடுவேன். மாட்டுக்குப் பணம் கொடுப்பேன், பக்கத்தில் போக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் வருஷத்து வைக்கோல் போர் நினைவிருக்கிறதா? மார்கழியில் கால்வாய்ப் படித்துறைக்குப் படகு படகாகப் புது வைக்கோல் வந்தது. நீர் ஊர் வழக்கப்படி கொல்லையில் கூம்பாகப் போர் போட்டீர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர் மழை பெய்யும், விடும், வெயில் அடிக்கும். இந்த ஊரில் ஆடி ஆவணியில் காற்றே நனைந்துபோய்க் கிடக்கிறது. போரைப் பிரித்தபோது உள்ளே எல்லாம் கறுத்து, பூசணம் பூத்து, கையை வைத்தால் சுடுகிறது. அதைத் தின்ற மாடுகள் இருமின, கழிந்தன, பாலைக் குறைத்தன. வேறு வைக்கோல் வாங்கலாமென்றால் பூஜைக்கு முன்னால் எங்கே கிடைக்கும்? துர்க்கை பொம்மை செய்கிறவர்கள் ஊர் வைக்கோலையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அம்பாளுக்கு உடம்பாகப் போன வைக்கோலை மாட்டுக்குக் கேட்டால் பாவம் என்று நீர் வேறு சமாதானம் சொன்னீர்.

அடுத்த வருஷம் தஞ்சாவூர் முறையை விட்டுவிட்டுக் கிடர்பூர் முறைக்கு வந்தீர். ஈரச் சணலைக் கப்பலில் நெருக்கி அடுக்கினால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறி ஒரு நாள் புகையும், கப்பலே போய்விடும் என்பது உமக்கு ஆபீஸ் பாடம். அந்தப் பாடத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தீர். கிடங்கில் கழித்துப்போட்ட பலகைகளைத் தரையில் பரப்பி, அதன்மேல் கட்டுக்கட்டாக அடுக்கினீர். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் கை நுழைய இடம். அடுக்கின் நடுவே காற்றுப் போக மூங்கில் கூடு. பனி காயாத கட்டுகளை வெயிலில் உதறிக் காயவைத்த பிறகுதான் உள்ளே விட்டீர். நம்மவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, வைக்கோல் எந்தக் கப்பலில் லண்டனுக்குப் போகிறது என்று உம்மைக் கேட்டார்கள். நீரோ தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அடுக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு நிற்பீர். எனக்கும் அதைப் பழக்கிவிட்டீர். மாட்டைத்தான் தொடமாட்டேன் என்றேனே தவிர வைக்கோலைத் தொடமாட்டேன் என்று சொல்லவில்லையே.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் பெண் பிறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது, பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு வேறு எந்தப் பால் கொடுத்தாலும் எதிர்க்களித்து வயிறு உப்பி அழுதாள். நம் சுட்டியின் பால் மட்டும் தங்கிற்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தப் பசு ஒன்றுதான் அப்போது கறவையில் இருந்தது. மூத்த பசுவான செவலைக்கு வயசாகிக் கறவை நின்று போயிருந்தது. மற்ற இரண்டும் கிடாரிகள். பாலாடையில் சுட்டியின் பாலை ஊற்றிப் புகட்டுவாள் என் மனைவி. குடித்துவிட்டுத் தூங்கும் அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு மாட்டின் மேல் அன்பு வந்தது. அப்போதும் தூரத்திலிருந்துதான்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் வெக்கை நோய் இறங்கியது. மாட்டுக்கு வரும் அம்மை. இங்கே கோபொஸந்தோ என்பார்கள். கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், அப்புறம் கழிச்சல், அப்புறம் மாடே இல்லை. கிடர்பூர் சாலையில் பார வண்டி மாடுகள் நுகத்தடியிலேயே விழுகின்றன என்று வந்து சொன்னீர். சொல்லிவிட்டு என் வீட்டு வாசலிலேயே நின்றீர். உள்ளே வரும் ஓய் என்றேன். வரவில்லை. நோய் மாட்டோடு மட்டும் வருவதில்லை, மனிதர் காலோடும் துணியோடும் வரும் என்றீர். நாலு வீட்டில் கறக்கும் கறவைக்காரனை நிறுத்தினீர். புல்லுக்காரியை நிறுத்தினீர். வெளி வைக்கோல் ஒரு துரும்பு வரக்கூடாது என்றீர். கொட்டகையின் சந்துப் பக்கத்துக் கதவைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தீர்.

"தினம் அந்த வண்டி மாடுகளுக்கு நடுவுலதான் நான் போய்வரேன். அதனால நானும் உள்ளே வரப்போறதில்லே. இனிமே நீர்தான்" என்றீர்.

நீர்தான் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டீர். உம் மனைவி அப்போது கும்பகோணத்துக்குப் போயிருந்தாள், என் மனைவி படுக்கையில். டிராமில் பாங்கிக்குப் போய்வரும் என்னை விட்டால் வேறு நாதியில்லை.

உம் கொல்லைக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு மதில் உண்டல்லவா, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். அதன் அந்தப் பக்கம் நின்றுகொண்டு நீர் எனக்குப் பால் கறக்கச் சொல்லிக்கொடுத்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "கட்டை விரலை மடக்காதேயும் ஓய், பிழியும், இழுக்காதேயும்" என்று நீர் கத்துவீர். சுட்டி ஒரு உதை விடுவாள். செம்பு உருளும் சத்தம் கேட்டதும், எது உருண்டது, செம்பா நீரா என்று கேட்பீர். நீர் கறந்து நானும் பார்த்ததில்லை. உமக்குத் தெரிந்துதான் சொன்னீரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் பால் வந்தது. குழந்தை குடித்தாள். சாணி அள்ளினேன், சாம்பலும் சுண்ணாம்பும் தூவினேன், வாயைத் திறந்து புண் இருக்கிறதா என்று பார்த்து மதிலுக்கு இப்பாலிருந்து சொன்னேன். அடுக்கிலிருந்து உருவி உருவிப் போட்ட வைக்கோல் கடைசிவரை மஞ்சள் மாறாமல் இருந்தது. சந்துக் கோடிப் பால்காரன் கொட்டகையில் மாடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் மனைவி அழுவது என் படுக்கையறை வரை கேட்கும். குழந்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் எல்லாருக்கும் அன்று நம் கொட்டகைதான் கோயில். பொங்கலும் மஞ்சளும் குங்குமமுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சிலர் அந்த வாரம் நோய் கண்ட கொட்டகைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நீர் பூட்டிய கதவுக்கு முன்னால் சந்தில் நின்றீர். நான் உள்ளேயிருந்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் உம் ஆபீஸ் ஹெட் கிளார்க் வந்தார், நம் எல்லாருக்கும் பெரியவர். காரணத்தை நீர் பணிவாகத்தான் சொன்னீர். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"பூஜை பண்ண வந்தவாளைப் பசு கிட்ட விடமாட்டேன்னு சொல்ற வழக்கம் எந்த ஊர்ல ஓய்?" என்றார்.

"நானே வெளியிலதான் நிக்கறேன், மாமா" என்றீர்.

அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சிலர் வாழையிலையில் பொங்கலைக் கதவுக்கு முன்னாலேயே வைத்து, மூடிய கதவுக்குக் கற்பூரம் காட்டினார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். பெரியவர் அப்புறம் வெகுகாலம் உம்மோடு பேசவில்லை. ஆபீஸில் அதற்கு நீர் என்ன விலை கொடுத்தீர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவீர்.

பொங்கல் கழிந்த அந்த வாரத்தில் செவலை படுத்துவிட்டாள். வெக்கை இல்லை. வாயில் புண்ணில்லை, கண்ணில் நீரில்லை. வயசும் குளிரும்தான். நீர் வெந்நீரில் அலசிக் காயவைத்து மதிலுக்கு மேல் எறிந்த சாக்குகளைப் போர்த்தினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இரண்டு விலாவுக்கும் வைக்கோல் கட்டுகளை முட்டுக்கொடுக்கச் சொன்னீர், கொடுத்தேன். வெல்லமும் கஞ்சியும் புகட்டச் சொன்னீர், புகட்டினேன். மூன்றாம் நாள் காலை பனியில் மதில்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவள் மூச்சு மாறிவிட்டது. எனக்கே தெரிந்தது.

உம் குரல் கேட்கும்போதெல்லாம் செவலை மதில் பக்கம் காதைத் திருப்பினாள். எனக்குத் தாங்கவில்லை.

"வந்துடும் ஓய். குளிச்சு, வேற வேஷ்டி கட்டிண்டு ஒரு நிமிஷம் வாரும். உம்மை யார் கேக்கப் போறா?" என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் உம் காலடிச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டீரோ என்று நினைத்தேன்.

"சுட்டியும் அங்கேதானே ஓய் நிக்கறா. அவளுக்கு ஒண்ணுன்னா குழந்தை எதைக் குடிக்கும்?" என்றீர்.

அப்புறம் செவலையோடு பேச ஆரம்பித்தீர். சந்தையிலிருந்து அவளை நடத்தி வந்த அன்று டிராம் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றது, கண்டக்டர் மணியடித்து மணியடித்துக் கடைசியில் இறங்கி வந்து கும்பிட்டது, உம் பட்டு அங்கவஸ்திரத்தை அவள் தின்றது. ஊரில் தங்கையோடு பேசுகிற மாதிரி பேசினீர். நான் அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்குப் பயந்தவன் நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. பேச்சு நடுவிலேயே அந்தக் காது நின்றுவிட்டது. கை வைத்த இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது.

நீர் பேசிக்கொண்டே இருந்தீர். நான் சொல்லவில்லை.

"காதை ஆட்டறாளா ஓய்?" என்று கேட்டீர்.

"ஆட்டறா" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பேசினீர். இந்த வருஷ வைக்கோல் நன்றாக வந்திருக்கிறது, நிறையத் தின்னு என்றீர். பிறகு, எனக்குப் பாங்கிக்கு நேரமாகிவிட்டது என்று என்னை எழுந்து குளிக்கச் சொன்னீர். உமக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது புரிந்தது. எப்போது தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. கயிறு கட்டி அவளைச் சந்துக்கு இழுத்துக் கொண்டுவந்த பிறகுதான் நீர் அவளைத் தொட்டீர்.

மாசிக் கடைசியில் நோய் ஓய்ந்தது, கதவைத் திறந்தோம். மற்ற மூன்றும் பிழைத்தன. குழந்தையும் பிழைத்தாள். பெட்டிக்குக் காய்ச்சல் என்று என்னைக் கேலி செய்தவள் அவள்தான். அவளுக்குத்தான் கல்யாணம். நீர் இருந்திருந்தால் பந்தலையே கப்பல் சரக்கு மாதிரி அடுக்கச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்கியிருப்பீர். நீர் இல்லாமல் ஒன்றும் ருசிக்கவில்லை ஓய். இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உம் வீட்டில் இப்போது ஒரு வங்காளி வக்கீல் குடியிருக்கிறார். நல்ல மனிதர். நான் சில நாள் காலையில் மதிலோரம் நின்று எனக்கு நானே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கண்டும் காணாதவர்போல் உள்ளே போய்விடுவார். கல்யாண விஷயம், வைக்கோல் விலை, முழங்கால் வலி, எல்லாம்தான் உம்மிடம் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அன்றைக்கு நான் உமக்குச் சொன்ன மாதிரி, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர், நீர் காதை ஆட்டுகிறீர் என்று எனக்கும் ஒரு பொய் சொன்னால் போதும்.