ஃபெரிதேயின் கோணல் வயல்

கோரிஷ்தா,
9 மே 1992

என் அன்புக்குரிய லவ்தோஷுக்கு மெரூஷே எழுதுவது.

நாங்கள் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் கிரீசிலிருந்து அனுப்பிய காலணி நம் சின்னவளுக்குச் சரியாக இருக்கிறது.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. நாமும் உங்கள் தம்பி மனைவி ஃபெரிதேயும் ஒரே அளவு சோளம் வாங்கித்தான் விதைத்தோம். நமக்குச் சரியாக இருந்தது. அவளுக்கு ஒரு சிறு பை மீந்துவிட்டது. "நிலம் சுருங்கிப்போச்சா அக்கா, இல்ல எனக்குத்தான் கை சுருங்கிப்போச்சா?" என்று சிரித்தாள். புருஷனை இழந்தவளின் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டுப்பண்ணையைக் கலைத்துப் பங்கிட்ட அன்று கயிறு பிடித்தவர் நீங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்கி, இரண்டு வயலும் ஆறாயிரம் சதுர மீட்டர் என்று எழுதினீர்கள். நம்முடையது சதுரம் மாதிரி, கணக்கு சரி. அவளுடையது ஆற்றோரம் சாய்ந்து கிடக்கிறது.

செவ்வாயன்று நானும் அவளும் மூலைக்கு மூலை கயிறு கட்டினோம். தொண்ணூறு மீட்டர். அதிலிருந்து நேர்குத்தாக ஒரு பக்க முனைக்கு ஐம்பத்தெட்டு, மறுபக்க முனைக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு முக்கோணமும் சேர்ந்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுதான். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

நம் வயலுக்கும் அவள் வயலுக்கும் நடுவே உள்ள எல்லைக் கட்டைகளை நம் பக்கம் ஆறரை மீட்டர் தள்ளி நட்டுவிட்டேன். இப்போது இருவருக்கும் ஏறக்குறைய சமம். "வேணாம்க்கா, பெரியவர் வந்தா கத்துவாரு" என்று கட்டையைப் பிடுங்கப் பார்த்தாள். "கத்தினா என்கிட்ட கத்தட்டும், நீ மண்ணைத் தள்ளு" என்றேன். நம் முளைகள் நாலைந்து வரிசை அவளுடையதாகிவிட்டன.

உங்களைக் கேட்காமல் செய்தது தவறுதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. பண்ணையில் பதினோரு வருடம் நிலம் அளந்தவர் நீங்கள். கோணல் நிலத்தை மூலைக்கு மூலை பிடித்து அளக்க வேண்டும் என்று, கல்யாணமான வருடம் நம் முற்றத்தில் எனக்குக் காட்டியதும் நீங்கள்தான்.

"அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டேன்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஃபெரிதேயிடம் படித்துக் காட்டுகிறேன். நானும் நம்பிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மெரூஷே