மச்சான் எடுத்த பூநாரைப் படம்

மார்கழி 20, ஞாயிறு

பனி. கடைப் பூட்டு தொட முடியாத சில்லிப்பு. சேலத்துக் குடும்பம் ஒன்று, மலைக்கோயிலில் முடி குடுத்துட்டு நேரா கடைக்கு வந்தது. கைக்குழந்தை வரைக்கும் மொட்டை. "யாருக்கு யாரு நைனான்னு படத்துல அம்பு போட்டுக் குடுத்துடறேன்" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மச்சான் கேமராவோட ரப்பர் பந்தை அமுக்கினார்.

என் வேலை அவ்வளவுதான். வந்தவங்களைச் சிரிக்க வைப்பது, அப்புறம் இருட்டு ரூமில், படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவுவது. கடையும் கேமராவும் மச்சானுடையது. என் பெண்டாட்டி கன்னியம்மாவின் அண்ணன், கோவிந்தசாமி.

சாயங்காலம் கழுவினால், பின்னாடி தூண் கண்ணாடி மாதிரி தெளிவு. சேலத்துக்காரங்க எல்லாம் புகை. இந்த மாசத்தில் இது ரெண்டாம் தடவை.

வேலூர் டாக்டர் போன மாசமே சொல்லிவிட்டார். மச்சானுக்குக் கண் நரம்பு வாடிப்போச்சு, ஆபரேஷனுக்கு வழி இல்லை, இருக்கிற பார்வையும் போகும். மச்சான் வந்து சொன்னபோது நான், "நல்லதாப் போச்சு, இனிமே என் மூஞ்சியப் பாக்க வேணாம்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கன்னியம்மா சொம்பை எறிந்தாள். தோள் இன்னும் வலி.

மார்கழி 22, செவ்வாய்

வெயில். வாங்க: ஹைப்போ (பிளேட் கழுவுற உப்பு), லாந்தர் திரி, கன்னியம்மாவுக்குத் தைலம்.

மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ளே, சூளூர்பேட்டை போலாம் வா. ஏரில பூநாரை வந்துகீதாம்" என்றார்.

"அதுங்களுக்கு யார் மொட்டை அடிச்சாங்க, நம்ம கிட்ட படம் புடிச்சிக்க?"

"கேளுடா. இத்தினி வருஷம் மொட்டை எடுத்தேன், கல்யாணம் எடுத்தேன், பொணத்த உக்கார வெச்சி எடுத்தேன். எல்லாம் அடுத்தவன் கேட்டது. எனக்குன்னு ஒண்ணு எடுத்துட்டு கேமராவ மூடிடறேன்."

அதற்கும் ஏதோ கேலி சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எங்க பக்கத்து முறை அது. மச்சானைக் கேலி பண்ணாதவன் மாப்பிள்ளையே இல்லை. தாலி கட்டின அன்றைக்கே அவர் வேட்டி முனையில் அப்பளம் முடிந்துவிட்டவன் நான். அன்றிலிருந்து நான் சொன்ன எதையும் அவர் நேராக நம்பினதில்லை.

பிளேட் மூணுதான் பாக்கி. மெட்ராஸிலிருந்து புதுசு வர நாளாகும்.

மார்கழி 24, வியாழன்

கூடூரில் வண்டி மாறினோம். கேமராப் பெட்டி என் தலையில், ஸ்டாண்டு என் தோளில், மச்சான் என் கையில்.

வண்டி முழுக்க எல்லைப் பேச்சு. திருத்தணி மெட்ராஸுக்காம், சத்தியவேடு ஆந்திராவுக்காம். ஒருத்தர் தெலுங்கில் கத்த, ஒருத்தர் தமிழில் கத்த, நடுவில் ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை துன்னுகினு. ஒரு பெரியவர் மச்சானைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்பா?" என்றார். "இவரு ஜன்னல் பக்கம்" என்றேன். ரயில் பெட்டியே சிரித்தது. மச்சானும்தான். ஆனால் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை.

மார்கழி 25, வெள்ளி

விடியும் முன்னே ஏரி. குளிர். படகுக்காரர் போலய்யா, தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். முழங்கால் தண்ணி, அதற்குக் கீழே சேறு. கரையோரம் உள்ளான் குருவிக் கூட்டம், எலி மாதிரி ஓடி ஓடிக் கொத்துது. தூரத்தில் பூநாரை. முதலில் யாரோ வெளுத்த துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் துணி நடந்தது.

போலய்யா பழைய வலையும் நாணலும் கட்டி மறைப்பு வைத்திருந்தார். அதற்குப் பின்னாடி கேமரா. கடையில் வெளிச்சம் கம்மியானால், உட்கார்ந்தவங்க மூஞ்சி பக்கத்தில் விளக்கைப் பிடித்து ஃபோகஸ் வைப்போம். அதே மாதிரி மச்சான் என்னை லாந்தரோடு சேற்றுக்குள் அனுப்பினார். "அதுங்க மேயற எடத்துல போய் நில்லு." போனேன். பறவை எல்லாம் எழும்பிப் போச்சு. இறக்கைக்கு உள்ளே அப்படி ஒரு சிவப்பு. வாய் திறந்தபடி நின்றேன்.

"மச்சான், நான் சிரிக்கணுமா?"

அவர் கேமராவோட கறுப்புத் துணிக்குள் ரொம்ப நேரம். அப்புறம் கை மட்டும் வெளியே வந்து, வா என்றது.

வெயில் ஏறினதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாத்து மாதிரி சத்தம். கிட்டே, இன்னும் கிட்டே. "கதலொத்து" என்றார் போலய்யா, அசையாதே என்று. நான் ஆடவில்லை. மச்சான் பந்தை அமுக்கினார். பிளேட் மாற்றினேன். அமுக்கினார். மாற்றினேன். அமுக்கினார். முடிந்தது.

"படம் விழுந்திச்சா மாப்ளே?"

"எங்க, நீங்கதான் சேத்துல விழுந்தீங்க."

நிஜமாவே விழுந்திருந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. படகில் பெட்டி மேல் கை வைத்துக்கினு வந்தார், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

மார்கழி 27, ஞாயிறு

மேகம். கழுவினேன்.

முதல் பிளேட்: ஆடிப்போச்சு. ரெண்டாவது: வெறும் தண்ணி. மூணாவதை ஹைப்போவிலிருந்து தூக்கிப் பார்த்தேன். இருக்குது. எல்லாம் இருக்குது. வரிசையாக, ஒவ்வொன்றும் விரல் கணு அளவுக்கு. கழுத்து வளைவு, கால், தண்ணியில் காலோட நிழல். இந்தக் கடையில் இப்படி ஒரு படத்தை நான் கழுவினதே இல்லை.

ஈரக் கையோடு ஓடினேன். "மச்சான், அருமையா வந்துகீது!"

"போடா." விரல் கணு அளவு உருவம் அவர் கண்ணுக்கு எட்டாது.

"கன்னியம்மா மேல சத்தியம்."

"வேட்டில அப்பளம் இல்லன்னும் அவ மேலதான் சத்தியம் பண்ண."

கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். வெளிச்சத்தில் பிளேட்டைத் தூக்கிப் பார்த்தாள். பாவி, அழுதுவிட்டாள். அந்த விசும்பல் மச்சான் காதில் விழுந்தது. "அவ அழறா. படம் போச்சு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, நல்லபடியாகச் சொன்னேன். "மச்சான், நீங்க எடுத்ததுலயே இதான் நல்ல படம்."

முகம் வெளுத்தது. "இன்னாடா, கேலி பண்ணாம பேசற? அவ்ளோ மோசமா?"

ராத்திரி சோறு தொடவில்லை. கன்னியம்மா என்னைத் திட்டினாள். அவளை நான் திட்டினேன்.

மார்கழி 28, திங்கள்

கடை திறக்கவில்லை. ரெண்டு பார்ட்டி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போச்சு.

மச்சான் சொன்னது: "மூணு பிளேட்டையும் வெந்நீர்ல போட்டுச் சொரண்டிடு. ஃப்ரேமுக்குக் கண்ணாடியா ஆவும்."

கெட்டுப்போன பிளேட்டை அப்படித்தான் பண்ணுவோம். ரெண்டைச் சுரண்டினேன். மூணாவதையும் சுரண்டிவிட்டேன் என்றேன். இதை மட்டும் உடனே நம்பினார்.

எல்லாருக்கும் சிரிப்பு வரவழைக்கிற வாய். ஒரு நிஜத்தைச் சொல்ல லாயக்கில்லை.

மார்கழி 29, செவ்வாய்

நல்ல வெயில். மூணாவது பிளேட்டிலிருந்து பேப்பரில் ஒரு பிரிண்ட் போட்டேன். காயவைக்கும்போதுதான் பார்த்தேன், இடது ஓரத்தில் ஒரு பறவை. தலை முழுக்கத் தண்ணிக்குள்ளே, பின்பக்கம் கேமராவைப் பார்த்து. தனியாக நின்று சிரித்தேன். சிரித்துக்கினே அவரிடம் போனேன்.

"சொரண்டல மச்சான். நீங்க எடுத்த லட்சணத்த ஊருக்கே காட்டணும்னு வெச்சிகீறேன். ஓரமா ஒண்ணு, சூத்தக் காட்டிக்கினு நிக்குது."

தலையைத் தூக்கினார். "எந்த ஓரம்?"

"இடது. மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி ஒழுங்கா நிக்குது. இது மட்டும் உங்க தங்கச்சி, கோவிச்சிக்கினு திரும்பிகீது."

சமையல்கட்டிலிருந்து கன்னியம்மா என்னமோ கத்தினாள். மச்சான் சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"அத்தக் கூடவா புடிச்சேன்? அப்போ நெஜமாவே விழுந்துகீதுடா!"

பிரிண்டை வாங்கி ஓரத்தில் பிடித்தார், விரல் ரேகை படாமல், கடையில் பிடிக்கிற மாதிரி.

"மாப்ளே. அன்னிக்கி எனக்கு ஒண்ணுமே தெரியல. சத்தம் கிட்ட வந்திச்சி, அமுக்கினேன். ஒரு பறவையக் கூட நான் பாக்கல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தினி நிக்குது, எப்பிடி நிக்குது, மொதல்லருந்து சொல்லு."

வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். படம் அவர் கையில் தலைகீழாக இருந்தது. திருப்பவில்லை. சொல்லிக்கினே இருந்தேன்.