பறிமுதல் செய்த மஞ்சள் தொப்பி

அன்பு மகளுக்கு,

மூக்கைத் தவிர நான் நலம். நீ தலை முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குகிறேன். மூக்கைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், கையெழுத்து அப்படிச் செய்யாது. எட்டு மாதமாக வீடியோவில் நான் போனை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்து, "அம்மா, நான் உன்கூடப் பேசறேனா, உன் ஃபேன்கூடப் பேசறேனா" என்று கேலி செய்தாயே, அது கை தவறியதல்ல. மூக்கின் இடப்பக்கத்தில் ஒரு பரு, ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. எழுபத்து நான்கு வயதில் பருவா, இளமை திரும்புகிறது போலிருக்கிறது என்று உள்ளூரப் பெருமைப்பட்டு அதன்மேல் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன். தலையணை உறையில் இரத்தக்கறை வந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். கறை எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும்.

மருத்துவர் உன்னைவிடச் சின்னப் பெண். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தொப்பி, குடை எதுவும் இல்லாம வெயில்ல ரொம்ப நின்னீங்களாம்மா" என்றாள். முப்பத்தொரு வருடம், பள்ளி முற்றத்தில், தினமும் காலை வணக்கக் கூட்டத்தில், ஒரு நாள்கூட விடாமல் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "இதுக்குப் பதக்கம் எதுவும் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு அதில் ஒரு துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். புற்றுநோய்தான். பதறாதே, மெல்ல வளர்கிற, பெரும்பாலும் பரவாத ரகம், போன செவ்வாய்க்கிழமை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நான்கு தையல், மூன்றாவது கொஞ்சம் கோணல். நான் அதைச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் சொல்லிவிட்டேன். வெயில் கிரீம் பூசுவதுண்டா என்று கேட்டாள். நீ அனுப்பியதைக் குதிகால் வெடிப்புக்குப் பூசித் தீர்த்ததை மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "சின்ன வயசுல பட்ட வெயிலும் சேரும்மா, உங்க பொண்ணையும் காட்டிக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தச் சொல்தான் தையலைவிட வலித்தது.

உனக்கு ஒன்பது வயதில் அப்பா வாங்கித் தந்த, வாத்துப் படம் போட்ட மஞ்சள் தொப்பி ஞாபகம் இருக்கிறதா? என் பள்ளியின் காலை வரிசையில் நின்று, "வெயில் மண்டையப் பொளக்குது மிஸ்" என்றாய். சீருடையில் இல்லாதது தலையில் இருக்கக் கூடாது என்று நானூறு பிள்ளைகள் முன்னால் உன் தலையிலிருந்து எடுத்தேன். பறிமுதல் செய்த பொருளைப் பெற்றோர் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் தருவோம் என்பதும் நான் போட்ட விதி. அன்று மாலை உன் அப்பா, "பெத்தவங்கள்ல ஒருத்தங்க அங்கதானே இருக்காங்க, அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்களாமா" என்றார். தலைமையாசிரியை மகளுக்குச் சலுகையா என்று ஊர் பேசும், நீங்களும் வரக் கூடாது என்றேன். "சரி, அந்தம்மாவுக்கு மனசு வரும்போது வரட்டும்" என்று சிரித்தார். அந்தம்மா வரவில்லை, அவர் இருந்தவரை வரவில்லை. ஓய்வு பெற்றபோது, யாரும் வாங்காத பொருள்களும் அந்தப் பதிவேடும் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்து அலமாரி மேல் ஏறின.

போன வாரம் இறக்கினேன். என் முத்துமுத்தான கையெழுத்தில் சீட்டு, அதன் கீழே தொப்பி. பதிவேட்டைத் திறந்து பெற்றோர் கட்டத்தில் கையெழுத்திட்டேன், முப்பத்திரண்டு வருடம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'தலைக்கனம்' என்று எழுதினேன், கட்டம் சிறியது, மேலே எழுத இடமில்லை. பிறகு தொப்பியின் பின்தையலைப் பிரித்து, என் தலைக்குப் பொருந்த ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டே மூக்குத் தையலைப் பிரிக்கப் போனேன். "வாத்து நல்லா இருக்கும்மா" என்றாள் மருத்துவர். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், நானும் அவர்களை முறைத்துப் பார்த்தேன்.

நீ நாள் முழுக்க வெட்டவெளியில் நிலம் அளக்கிறவள். இந்த மாதமே தோல் மருத்துவரிடம் போ, காது மடல், பின்கழுத்து எல்லாவற்றையும் காட்டு, முடிவை எனக்கு எழுது. அகலமான தொப்பி போடு, கிரீமைக் கஞ்சத்தனம் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு, குதிகாலுக்கு அல்ல. கடவுள் உன்னை எப்போதும் நிழலில் வைத்திருக்கட்டும்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது: பெற்றுக்கொண்ட மாணவியின் கையொப்பம். அதை நேரில் வந்துதான் போட வேண்டும். விதியை மாற்றும் அதிகாரம் எனக்கு உண்டு, ஆனால் மாற்றுவதாக இல்லை.

இப்படிக்கு,
பெற்றோர் கட்டத்தில் கையெழுத்திட்ட உன் அம்மா