தண்ணீர் தெளிந்த பிறகு

மார்ச் 3

அன்புள்ள அம்மா,

கப்பல் கிளம்பிவிட்டது. என்ஜின் அறைச் சூட்டில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மீன்களை நண்பன் வாங்கிக்கொண்டான். டாஃப்னியாத் தொட்டியை மட்டும் "கொசுப் பண்ணையெல்லாம் நமக்கு வேணாம்டா" என்று திருப்பிவிட்டான். அதனால் அது உன் தலையில். தின்னக் கொடுக்க அந்தக் கடுகளவுப் பூச்சிகள் இருந்தால்தான் வந்ததும் மீன்குஞ்சுகளை வளர்க்க முடியும்.

பூச்சிகளுக்குப் பச்சைத் தண்ணீர்தான் நல்ல சாப்பாடு. வாளியை வெயிலில் வை. பாசி பிடித்ததும் ஒரு குவளை ஊற்று. பாசி பிடிக்காவிட்டால் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்று. டிசம்பரில் வந்துவிடுவேன்.

உன் தவளை

ஏப்ரல் 11

என் தவளைக்கு,

உன் பட்டாளத்தில் பாதி செத்துவிட்டது. திட்டாதே. மாடி வீட்டுக்காரி துணி காயப்போட்டு வெயிலை மறைத்துவிட்டாள், வாளியில் பாசி பிடிக்கவில்லை. சிட்டிகை ஈஸ்ட் எந்த வயிற்றுக்குக் காணும் என்று ஒரு கரண்டி போட்டேன். கொஞ்சம் பாலும் ஊற்றினேன். உன்னை வளர்த்த கைக்கு அளந்து போட வருமா? மறுநாள் வீடே நாறியது.

கம்பெனியில் தையல் சரிபார்க்கும் மேசையில்தான் இன்னும் இருக்கிறேன். "அக்கா, கழுத்தே கோணலா இருக்கு, நீங்க பாஸ் பண்ணியிருக்கீங்க!" என்று சூப்பர்வைசர் பெண் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கோணக் கழுத்துக்காரன் சட்டை போட வேணாமா?" என்றேன். சிரித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் தெருவிளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

மே 20

அம்மா,

பாலையா ஊற்றினாய்! நல்ல ஆளிடம் கொடுத்தேன். சோயா மாவும் ஆகும் என்று எழுத நினைத்தேன். உன் கைக்கு அது வேண்டாம்.

இனி ஒரே விதி. தண்ணீர் கலங்கலாக இருந்தால் சாப்பாடு மிச்சம் இருக்கிறது என்று பொருள், எதுவும் போடாதே. தெளிந்து அடி தெரிந்தால் மட்டும் ஊற்று. பட்டினி போட்டுவிடவும் கூடாது. போட்டால் கருப்பாக முட்டை விட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த முட்டை எப்போது பொரிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அது என்ன, பக்கத்துக்கு ஏழு வரி எழுதுகிறாய்? விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது. தாளுக்குக் கேடு!

தவளை

ஜூலை 2

என் தவளைக்கு,

விதியை மீறவில்லை. தண்ணீர் இன்னும் தெளியவில்லை. ஒரு துளிகூடப் போடவில்லை. பூச்சிகளே கண்ணில் படவில்லை. பசிக்குமோ என்று பாவமாக இருக்கிறது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அம்மா

ஆகஸ்ட் 9

அம்மா,

இத்தனை நாளாகத் தெளியாமல் இருக்காதே. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற தண்ணீர் எடுத்து ஜன்னலில் வை. எது கலங்கல் என்று பார்த்து எழுது.

இன்னொரு பயணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். டிசம்பரில் வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

தவளை

செப்டம்பர் 15

என் தவளைக்கு,

வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். இரண்டும் கலங்கல். ஜன்னலும் அப்படித்தான்.

வேலை முக்கியம். கோபம் எல்லாம் இல்லை.

அம்மா

அக்டோபர் 18

அம்மா,

பூச்சிகளை விடு. கலங்கியிருப்பது தண்ணீர் இல்லை, உன் கண். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாடி வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போ.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். வானவில் என்று எழுதியிருந்தாய். நான் தாளுக்குக் கேடு என்று கிண்டல் செய்திருக்கிறேன். பூச்சிக்கு என்ன போடுவது என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறேன்.

உன் மகன்

நவம்பர் 26

என் தவளைக்கு,

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணில் முற்றிப்போய், அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம், இனிப் பார்வை வராது. "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார் டாக்டர். "பூச்சி வளர்த்தேன்" என்றேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் மேசையை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுப்பிவிட்டார்கள், பெட்டி ஒட்டுகிறேன். உன்மேல் தப்பில்லை, அதையே நினைத்துக்கொண்டு கிடக்காதே.

கட்டு அவிழ்த்ததும் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் தெளிந்து எத்தனை நாளாயிற்றோ, அடி வரை தெரிகிறது. ஒன்றுகூட நீந்தவில்லை. அடியில் மட்டும் கருப்பாக மிளகுத்தூள் மாதிரிக் கிடக்கிறது. கொட்டவில்லை.

அதற்கு என்ன போடுவது என்று இந்த முறை எழுதாதே. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். பக்கத்துக்கு ஏழு வரி போதும்.

அம்மா