முன்னால் நிற்கும் எழுத்து

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா அப்பா?

எங்கள் நிறுவனத்தின் பழைய விவரங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரான சர்வரிலும், புதியவை கிளவுட் என்கிற வெளி நிறுவனத்தின் இணையச் சேமிப்பிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து ஒரே அறிக்கையாக்குவது என் வேலை. போன வாரம் அந்த அறிக்கையைப் பார்த்து, வேலை குறைவு என்று பேக்கிங் பிரிவில் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்தவிருந்தார்கள். உண்மையில், ஒவ்வொருவர் பெயரோடும் வரும் அவரவர் அப்பா பெயரின் முதலெழுத்து, அதாவது இனிஷியல், பழையதில் முன்னாலும் புதியதில் பின்னாலும் இருந்தது. அதனால் ஒவ்வொருவரும் இரண்டு ஆளாகி, அவர்கள் செய்த வேலையும் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்குக் கொஞ்ச வேலைதான் என்பது போலத் தெரிந்தது.

கூட்டத்தில் எழுந்து, "சார், அது வந்து..." என்று இழுத்தேன்.

"என்னம்மா, மென்னு முழுங்காம சொல்லு" என்றார் மேனேஜர்.

"சார், இதுல நானே ரெண்டு பேரா இருக்கேன்."

சிரித்தார்கள். திரையில் என் பெயரை இரண்டு இடத்தில் காட்டியதும் சிரிப்பு நின்றது. யாரையும் நிறுத்தவில்லை.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கே ஏ.சி. குளிர் அதிகம், அம்மாவின் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி எழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார்கள். எல்லா அப்பாக்களையும் முன்னால் நிறுத்திவிட்டேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்