ஜீப் சாய்ந்த பக்கம்

8 ஜூன் 1954, பழவேற்காடு
இன்றும் ரயில் போய்விட்டது. மணல் பள்ளத்தில் ஜீப்பின் முன்பக்க ஸ்பிரிங்கில் அடுக்கிய இரும்புப் பட்டைகளில் ஒன்று உடைந்தது. தட்டுத்தடுமாறிப் பொன்னேரி ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் நாய்தான் இருந்தது. மதராசுக்கு அனுப்ப வேண்டிய எட்டுக் கூடை இறால் வீண். ஐஸ் கரைந்து கைலியெல்லாம் நாற்றம். சண்டை முடிந்து ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் இது. பட்டாளத்தையே சுமந்த வண்டிக்கு என் இறால் கனக்கிறதாம்.

10 ஜூன்
என்ன ஸ்பிரிங் போடுவது? மண்டை காய்கிறது. லாரிப் பட்டையை வெட்டிப் போடு என்கிறார் அண்ணன் அமீருதீன். சுமை தாங்கும், சரி. காலி வண்டியாகத் திரும்பும்போது என் முதுகு தாங்குமா? மதராசில் பழைய ஜீப் ஸ்பிரிங் கிடைக்குமாம். அது எத்தனை பேரிடம் அடிபட்டதோ.

கடைசியில் பொன்னேரிக் கொல்லன் சாலமோனிடமே போனேன். ஆறு வருடமாக இந்த ஜீப்பில் அவன் கை படாத இரும்பு இல்லை.

"லாரிப் பட்டை வேணாம் பாய், தவளையாட்டம் குதிக்கும். ரெண்டு பக்கத்தையும் அவுத்துக் குடுங்க. ஒடஞ்சதுக்கு ஒண்ணு புதுசா வெச்சு, மத்ததைக் காய்ச்சி வளைச்சுத் தரேன்."

14 ஜூன்
இரண்டு ஸ்பிரிங்கும் வந்துவிட்டன. ஒன்றில் ஒரு கோடு, மற்றதில் இரண்டு கோடு, சாக்குக்கட்டியால். அவன் கணக்கு ஏதோ. நாளைக்குத் தானே வந்து மாட்டுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். நாளை வரை யார் காத்திருப்பது? நானும் கூடை ஏற்றும் துளசிராமனும் எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து மாட்டிவிட்டோம்.

15 ஜூன்
சாய்கிறது.

16 ஜூன்
இடது பக்கம். ராணுவ வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். நான் உட்காரும் பக்கம். மனைவி சாயிரா பானு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "வண்டியைத் திட்டிக்கினு கீறீங்களே, நீங்க குந்தற பக்கம்தானே சாயுது." வீட்டிலேயே இந்த மரியாதை. இறங்கி நின்று பார்த்தேன். அப்போதும் சாய்ந்துதான் நிற்கிறது.

18 ஜூன்
இரண்டையும் அவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது ஸ்பிரிங்கின் பட்டைகள் மெல்லிசு, விரலுக்கே தெரிகிறது. ஒரே வண்டியில் இரண்டு கனம் எப்படி வரும்? நல்ல இரும்பை உருவிக்கொண்டு மெல்லிசைச் செருகியிருக்கிறான். சாலமோனா? ஆறு வருடப் பழக்கம் — சே.

19 ஜூன்
பொன்னேரிச் சந்தை. விடவில்லை. மொத்த ஜனத்துக்கும் நடுவில் இரண்டு ஸ்பிரிங்கையும் அவன் காலடியில் போட்டேன்.

"கோடு போட்டுக் குடுத்தேனே பாய்" என்றான்.

"கோடு போட்டா இரும்பு வளருமா? திருட்டுப் பய" என்றேன். ஏதோ விளக்க வந்தான்; நான் காது கொடுக்கவில்லை. வண்டிக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும். வந்த மாட்டு வண்டியிலேயே ஸ்பிரிங்குகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்; அவனிடம் விட்டு வைப்பேனா?

24 ஜூன், மதராஸ்
நேர்மையான ஸ்பிரிங் வாங்க வந்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் நிமிராமலே கேட்டார்: "இடதா, வலதா?"

"நான் இன்னா செருப்பா வாங்க வந்தேன்?"

அவர் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துத் துருவைச் சுரண்டினார். உள்ளே 'எல்' என்ற இங்கிலீஷ் எழுத்து. "டிரைவரு, பெட்ரோல் டாங்கி, ரெண்டும் இடது பக்கம். அத்தாலே அந்தப் பக்கத்தை மட்டும் கெட்டியா செஞ்சிருக்கான். எத்தனை வருசமா ஓட்டறீங்க?"

எதுவும் வாங்காமலே ரயிலேறினேன்.

25 ஜூன்
பக்கம் மாற்றி மாட்டினேன். ஜீப் நேராக நிற்கிறது.
எந்தப் பக்கம் எது என்று அவன் போட்ட கோட்டை நான்தான் துடைத்தேன். நான்தான் மாற்றி மாட்டினேன். அவனை என்ன பேச்சுப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

27 ஜூன், ஞாயிறு
சாலமோன் குடும்பம் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. அவன் மனைவி சாராள்தான் நின்றாள். தப்பு என்னுடையது என்றேன்.

"ஒரு வாரமா சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட ஒரு வண்டி வரல. சந்தையில சொன்னீங்க பாய். இங்க வந்து எங்கிட்ட காதோட காதா சொன்னா யாருக்குக் கேக்கும்?"

கோபம் வந்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு?

3 ஜூலை
சந்தையில் அதே இடத்தில் நின்று சொன்னேன். சாலமோன் திருடன் இல்லை, நான்தான் இடது வலது தெரியாத மடையன் என்று. நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்! நல்ல வார்த்தைக்கு மட்டும் என் தொண்டை போதவில்லை.

20 ஆகஸ்ட்
பின்பக்க ஸ்பிரிங்கும் தொய்ந்துவிட்டது. பயந்துகொண்டேதான் பட்டறைக்குப் போனேன். சாலமோன் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. பட்டறையில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அவனே ஸ்பிரிங்கை அவிழ்த்து, பட்டைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தான்.

"எண்ணுங்க பாய். கனத்தையும் தடவிப் பாத்துக்குங்க. திருப்பித் தரப்போ ஒத்துப் பாக்கலாம்."

"இன்னாத்துக்கு சாலமோன் இதெல்லாம்" என்றேன்.

"எண்ணுங்க."

அவன் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. ஒன்பது என்றேன்.

"சத்தமா சொல்லுங்க பாய்" என்றான், வண்டிக்காரர்களைப் பார்த்தபடி.

சத்தமாகச் சொன்னேன்.